என் பெயரில் நீ போட்ட வழக்கு

ராஜா,

கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவர்கள் பிள்ளைக்கு நாலு வார்த்தை சொல்வார்கள். உன் அப்பாவை வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரி அடித்துப் போட்டுவிட்டதால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொன்னால் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவாய். தனியாக எழுதிக் கொடுத்தால் மடித்து வண்டி டேங்க் கவரில் செருகி மறந்துவிடுவாய். அதனால் காண்ட்ராக்ட் தொழிலாளர் பிள்ளைகள் நடத்துகிற மாதப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். அச்சாகி வர நாளாகும். அதற்கு முன் உன் கடை மேசையில் ஒரு பிரதியை வைத்துவிட்டுப் போவேன். நீ முதலில் படி. மற்றவர்கள் பிறகு ஷேர் ஆட்டோவிலும் கம்பெனி பஸ்ஸிலும் படிக்கட்டும். உன்னால் வீடு போகப் பார்த்தவர்கள் அந்தப் பஸ்ஸில்தான் போகிறார்கள்.

உன் வேலையை நான் முதலில் பெருமையாகத்தான் பார்த்தேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்ப்யூட்டர் கடை. தெற்கேயிருந்து வந்து கம்பெனியில் சேர்ந்த பையன்கள் படப்பைப் பக்கம் ஒரு மனை வாங்க ஆசைப்பட்டு உன்னிடம் வருவார்கள். எந்தப் பத்திர ஆபீஸ், என்ன சர்வே நம்பர் என்று கேட்டு நீ அரசாங்க இணையத்தில் தட்டுவாய். அந்த நிலத்தை யார் யாருக்கு விற்றார், யார் அடமானம் வைத்தார் என்று வரிவரியாகத் திரையில் வரும். முன்பெல்லாம் அந்த வில்லங்கச் சான்றுக்கு மனு எழுதிக் கொடுத்து, மறைவாகக் கொடுப்பதையும் கொடுத்து, நாயாய் அலைய வேண்டும். நீ ஷிப்ட் முடிந்து வந்தவனை ஸ்டூலில் உட்கார வைத்து, டீ ஆறுவதற்குள் பார்த்துச் சொல்லிவிடுவாய். "வில்லங்கம் இல்ல ப்ரோ, தைரியமா வாங்கு" என்று நீ சொன்ன ஒரு வார்த்தையை நம்பிப் பலர் அட்வான்ஸ் கொடுத்தார்கள். அவர்களில் சிலர் மேல்தான் பிறகு நீயே ஆள் பிடித்துக் கேஸ் போட வைத்தாய்.

அந்த வித்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவர் உன் மாமனாராக வரப்போகிறவர். வாலாஜாபாத்தில் மனை போட்டு விற்கிறவர். பத்திரத்தில் இருக்கிற பேரை எவனும் படிப்பான், இல்லாத பேரைப் படிக்கிறவன்தான் சம்பாதிப்பான் என்று அவர் சொன்னதாகச் சாப்பிடும்போது என்னிடமே சொன்னாய். இந்தப் பக்கத்தில் கம்பெனிகள் வந்து விலை ஏறியபோது எல்லாரும் அவசரத்தில் விற்றார்கள். தங்கைகளுக்குச் சட்டப்படி பங்கு உண்டு என்பது அண்ணன்களுக்குத் தெரியும். கொஞ்சம் மரியாதை தெரிந்தவன் தங்கையைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய் ஒரு புடவையும் பிரியாணியும் வாங்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினான். அதுகூட வேண்டாம் என்று நினைத்தவன், அப்பனுக்குப் பெண்ணே பிறக்கவில்லை என்று வாரிசுச் சான்று வாங்கிவிட்டான். அதில் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கும் ஊரில் எத்தனை பெண் பிறந்தது என்று தெரியும். தெரிந்தேதான் போட்டார்.

அப்படி விடுபட்ட பெண்களை நீ தேடிப் போனாய். திரையில் ஆண் பெயர்கள் மட்டும் இருக்கிற பத்திரமாகப் பொறுக்குவாய். அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, அந்தப் பெரியவருக்குப் பொண்ணு இல்லையா என்று சும்மா கேட்பதுபோல் கேட்பாய். கட்டிக்கொடுத்த ஊர் தெரிந்ததும் தட்டில் பழம், பூ, மஞ்சள், ஒரு புடவை. தாய்வீட்டுச் சீர். உத்திரமேரூர் பக்கம் ஒரு வயதானவள் அந்தத் தட்டைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாளாம். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு முழம் பூ வந்ததில்லையாம். "உங்க அண்ணன் மறந்துட்டாரு, நான் மறக்கல அத்த" என்று சொல்லி, அந்த அழுகை காய்வதற்குள் அவளிடம் பவர் எழுதி வாங்கிவிட்டாய். அவள் சார்பில் வழக்குப் போடவும் விற்கவும் சமாதானம் பேசவும் உன் ஆளுக்கு உரிமை தருகிற பத்திரம். பிறகு அவள் பெயரில் வழக்கு. மனை வாங்கி வீடு கட்டியவன் பயந்துபோய் இரண்டாவது முறை காசு கொடுப்பான். அவளுக்கு அதில் கிள்ளிக் கொடுப்பீர்கள். அவள் மூக்கைச் சிந்தி அழுததை நீ எனக்கு நடித்துக் காட்டினாய். நான் சிரித்தேன். சோறு போட்டுக்கொண்டே சிரித்தேன். உனக்கு அறிவு சொல்கிற தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரமே என்னைக் கடைக்குக் கூப்பிட்டு அந்த ஸ்டூலில் உட்கார வைத்தாய். என் அப்பாவின் நிலத்துச் சர்வே நம்பரை எப்படியோ கண்டுபிடித்திருந்தாய். விற்றவர்கள் பெயரில் என் அண்ணன்கள் இருந்தார்கள். நான் இல்லை. நான் காலனிப் பையனைக் கட்டிக்கொண்டு போன அன்றே வீட்டில் தலை முழுகிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அது கோபத்தில் செய்வது. தலையில் ஊற்றின தண்ணீர் காய்ந்துவிடும். அரசாங்கத் தாளில் நான் பிறக்கவே இல்லை என்று எழுதியிருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் அப்பன் பெயரோடு சேர்த்துத்தான் என் பெயரைக் கூப்பிட்டார்கள். திரையில் அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நீ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாய்.

"யம்மா, உன்ன கணக்குலயே வெக்கலமா. ஜாக்பாட்மா இது."

உன்னை அடித்திருக்க வேண்டும். எழுந்து வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். அப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு பட்டுப் புடவை வாங்கி, தட்டில் வைத்து, வாசலில் நின்று கொடுத்தாய். இனிமே உனுக்கு நான்தாமா அண்ணன் வூடு என்றாய். கல்யாணத்துக்குக் கடன் வாங்குகிறேன், அதற்கு ஒரு பவர் வேண்டும், பத்திர ஆபீசில் வந்து கைவிரல் வைத்துவிட்டுப் போ என்றும் சொன்னாய். கடனுக்கு எதற்குப் பவர் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் சீர்த்தட்டோடு வருகிற தாளைப் பெண்கள் படிப்பதில்லை. படித்தால் சீர் கொண்டுவந்தவனைச் சந்தேகப்பட்டதாகிவிடும். நீ அத்தனை பேரையும் இதே இடத்தில்தான் பிடித்தாய். நானும் கேமராவைப் பார்த்துக்கொண்டு விரல் வைத்தேன். சம்மதமா என்று பதிவாளர் கேட்டதற்குச் சம்மதம் என்றேன். புதுப்புடவையில் வேறு போயிருந்தேன்.

என்னோடு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற மாரியை உனக்குத் தெரியும். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் டயர் கம்பெனியில் காண்ட்ராக்ட். அவர்கள் மனை வாங்கியது என் அப்பாவின் நிலத்தில்தான் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுவர் எழுப்பி, தளம் போடக் காசில்லாமல் ஷீட் போட்டுக் குடி போயிருந்தார்கள். ஒரு நாள் அவள் வேலைக்கு வந்து, ஏப்ரன்கூடக் கட்டாமல் நேராக என்னிடம் வந்து, கோர்ட் அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போன சம்மனை நீட்டினாள். வாதி என்ற இடத்தில் என் பெயர், உன் அப்பா பெயர், நம் வீட்டு முகவரி. அவள் சத்தம் போடவில்லை.

"எக்கா, இது நீங்கதானா? உங்க பேரால்லா போட்டிருக்கு."

என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. என் விரல்தானே. அன்று முழுக்க அவள் தேய்க்கிற தட்டைக் கழுவ நான், நான் கழுவியதைத் துடைக்க அவள். சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்களிடம் சொல்லிவிட்டாள். ஒருத்தி என் காதில் விழும்படியே, "பாத்திரம் தேய்க்கிறது சும்மா வேசம்டி, உள்ள பெரிய லேண்டு ஓனரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

மாரி எனக்கு ஒன்றும் சிநேகிதி இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாவம் பார்த்து ஏழைக்காகப் பரிந்து பேசுகிறாள் அம்மா என்று நீ நினைக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவள் என்னிடம் புருஷன் என்ன ஆளுங்க என்று கேட்டவள். சொன்ன பிறகு என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்ததில்லை. நான் கொடுத்த கருவாட்டுக் குழம்பை வாங்கி, நான் திரும்பியதும் எச்சில் வாளியில் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவள் வீடு இடிந்தால் எனக்கு ஒரு நாள் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அந்த வீட்டை என் பெயரைச் சொல்லி இடிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?

இதைத்தான் உன்னிடம் கேட்டேன். நீ ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பதில் சொன்னாய். "உன் நிலத்துல அவன் வூடு கட்டிகினு கீறான், நீ அவன் பொண்டாட்டிகூட பாத்திரம் கழுவிகினு கீற. உனுக்கு ரோசம் வரலியாமா?" ரோசம் வந்தது. இப்போதும் வருகிறது. நீ சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் உன்னை எதிர்ப்பதில் எனக்குள்ள கஷ்டம். ரோசம் இருந்தால் உன் மாமன்களிடம் கேள், அவர்கள்தானே விற்றார்கள் என்றேன். அதற்கு நீ, "அவனுங்ககிட்ட இன்னா கீது புடுங்குறதுக்கு? கட்டினவன்கிட்டதான் துட்டு கீது" என்றாய். எனக்கு அநியாயம் செய்தவனை விட்டுவிட்டு, எவனிடம் பிடுங்க முடியுமோ அவனிடம் பிடுங்குவது. அதற்கு என் அவமானம் ஒரு ரசீது. உன் தாத்தா ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள் காலனிக்காரர்களிடம் நடந்துகொண்டது இப்படித்தான். உன் உடம்பில் அப்பன் ரத்தம் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன்.

அந்த அப்பன் பக்கத்தைத்தான் நீ கல்யாணப் பத்திரிகையில் துடைத்துவிட்டாயே. உன் சித்தப்பா பெயரைத் தேடினேன், இல்லை. பெண் வீட்டாருக்கு விஷயம் தெரியுமாம், அவர்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாதாம். அப்பா செத்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர் அவர். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் அண்ணன்கள். நிலத்தை விற்றவர்கள் என்பதால் வழக்கில் அவர்கள் பிரதிவாதி ஒன்று, இரண்டு. பத்திரிகையில் தாய்மாமன் ஒன்று, இரண்டு. அதை அச்சடித்தவனுக்கு இது தெரிந்திருந்தால் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்திருப்பான்.

பெரிய மாமனை நீ பார்த்து நாளாகியிருக்கும். எனக்குத் தினமும் தரிசனம். நிலம் விற்ற காசு ஜீப்பாகவும் பிராந்தியாகவும் போன பிறகு, நான் வேலை செய்கிற கம்பெனி கேட்டில் அவர் செக்யூரிட்டி. நீலச் சட்டை, விசில். காலையில் என் அடையாள அட்டையைத் தூக்கிப் பார்ப்பார். கூடப் பிறந்தவளின் போட்டோவைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, போ என்று தலையாட்டுவார். இத்தனை நாளில் ஒரு வார்த்தை இல்லை. சம்மன் போன மறுநாள்தான் வாயைத் திறந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"வாபஸ் வாங்கிடும்மா. வாரிசு சர்டிபிகேட்டு மேட்டரு கிளறுனா உள்ள தள்ளிடுவானுங்க. நீ வந்து கேட்டிருந்தா நாங்க குடுக்காமலா போயிருப்போம்?"

அந்த "ம்மா"வுக்காக நான் எத்தனை தீபாவளி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. அது வந்தபோது அதில் ஜெயில் பயம் மட்டும்தான் இருந்தது. "கார்டு பாத்துட்டீங்கன்னா உள்ள போறேன் சார்" என்றேன். பின்னாலிருந்த பையன், பெருசு வழிய விடு என்றான். உள்ளே போய் அன்றைக்கு வேலையை எப்போதையும்விட நன்றாகச் செய்தேன். யாரையாவது நோகடித்தால் மனது கனக்கும் என்று சொல்வார்கள். எனக்குக் கனக்கவில்லை.

அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டேன். முதலில் உன் பவரை ரத்து செய்து பதிவு பண்ணினேன். நீ திரையில் தட்டிப் பார்த்துக்கொள், கடைசி வரியாக வரும். உன் மாமனாரும் பார்ப்பார், அவர் ஜாதகத்துக்கு முன்னால் வில்லங்கம் பார்க்கிறவர். அடுத்து, காண்ட்ராக்ட் தொழிலாளர் சங்கத்து வக்கீலைப் பிடித்து, வழக்கை நானே வாபஸ் வாங்குகிறேன் என்று கோர்ட்டில் மனு போட்டாயிற்று. ஆனால் அது போதாது என்று வக்கீல் சொன்னார். என் பங்கை நான் விட்டுக்கொடுத்ததாக மனை வாங்கியவர்கள் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதினால்தான் அவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியுமாம். சரி என்றேன். வாரிசுச் சான்றில் பொய் எழுதியதற்கு என் அண்ணன்கள் மேல் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் யார் வந்து கெஞ்சினாலும் வாபஸ் இல்லை.

நேற்று பத்திர ஆபீசுக்கு எதிர்க் கொட்டகையில் பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். மனைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒருத்தரும் எனக்கு நாற்காலி போடவில்லை. ஒரு பையன் நான் பேசுவதைப் போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தான், பின்னால் மாற்றிப் பேசினால் காட்ட. நன்றி சொல்வார்கள் என்று நான் போகவில்லை, ஆனாலும் அந்த போன் என் முகத்துக்கு நேராகவே இருந்தது. மாரியின் புருஷன், இந்தம்மா காலத்துக்கப்புறம் இவங்க மகன் வந்து மறுபடியும் கேட்டா என்ன செய்ய என்று கேட்டான். நல்ல கேள்வி. மாரி என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு வேற புள்ள உண்டா எக்கா?"

"ஒண்ணுதான்" என்றேன்.

"அந்த ஒண்ணு போதும்லா" என்றாள். கொட்டகை முழுக்கச் சிரித்தது. பத்திரம் எழுதுகிறவரும் சிரித்தார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. நீ என் வயிற்றில் பிறந்து சம்பாதித்த பெயர் இது ராஜா. சங்கரன்கோவிலிலிருந்து பிழைக்க வந்தவள் கொட்டகையில் வைத்துச் சொல்லிச் சிரிக்கிற பெயர்.

என் வாரிசாக நீயும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். சட்டத்தில் அது தேவையோ இல்லையோ, அவர்கள் அதில்லாமல் எழுந்திருக்க மாட்டார்கள். உன்னைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நீ வர மாட்டாய் என்று நான் சொன்னதும் பத்திரம் எழுதுகிறவர் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். "வாரிசு யாரும் இல்லன்னு ஒரு வரி போட்டுக்கலாம்மா. இங்க எவன் வந்து பாக்கப் போறான்." அவர் அதைச் சொன்ன விதத்தில், எத்தனையோ முறை போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. வியாழக்கிழமை வரை அந்த வரியைக் காலியாக விட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை வா. அடையாள அட்டை எடுத்து வா. நீ கையெழுத்துப் போட்டால் உன் மாமனார் கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது மாப்பிள்ளை இல்லை, எனக்குப் பிறகு நீ மறுபடி போடக்கூடிய இந்த வழக்கு. மண்டபத்துக்குக் கொடுத்தது போகும், அந்தப் பெண் அழுவாள், கடையில் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நடக்கட்டும். ஒரு முறையாவது உன் காசில் நீ நஷ்டப்படு.

வராவிட்டால் அந்த வரியை எழுதச் சொல்வேன். பொய் என்று தெரிந்தே சொல்வேன். பெற்றவளுக்குக் கை வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்காதே. என் அப்பா நிலத்துக்கு வாங்கிய வாரிசுச் சான்றின் நகலை, நான் புகார் கொடுத்த பிறகுதான் வக்கீல் எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் இரண்டு பேர்தான் என்று மனுவில் ரேகை வைத்திருப்பது என் அண்ணன்கள் இல்லை. என் அம்மா. வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்திருப்பாள்.